சித்தூர் வெயிலும் துத்தநாகப் பூச்சும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பாலக்காட்டுக் கணவாயில் அமைந்துள்ள சித்தூர் வட்டம், கேரளத்தின் பிற பகுதிகளைப் போன்றதன்று. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடைப்பட்ட திறப்பின் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதி வயல்களில் வேலை செய்யும் பெண்கள், சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கின்றனர். கோடை வெயிலுக்கு எதிராக இவ்வட்டாரம் தானே கண்டுகொண்ட பாதுகாப்பு அது. அதனுடன் சேர்க்கத்தக்க பொருளாக இன்று பேசப்படுவது துத்தநாக ஆக்ஸைடு.

இப்பொருள் புதியதன்று. அரிப்புக்குத் தடவும் இளஞ்சிவப்புக் காலமைன் திரவத்தை அறியாத வீடு அரிது. அதன் முக்கியக் கூறு இதுவே. துத்தநாகத்தை 907 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் ஆவியாக்கிக் காற்றில் எரித்தால், வெண்ணிறத் தூளாக இது கிடைக்கிறது. உற்பத்தியின் பெரும் பங்கு டயர் முதலிய ரப்பர்ப் பொருள்களுக்கே செல்கிறது. தோலுக்கு வருவது சிறு பங்கு. இராஜஸ்தானத்து ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே துத்தநாகம் வடித்தெடுக்கப்பட்டது. கேரளத்திலும் பெரியாற்றங்கரையில் எடையாரில் 1967இல் ஓர் உருக்காலை தொடங்கி, 2014இல் மூடப்பட்டது.

வெயிலை இத்தூள் எவ்வாறு தடுக்கிறது? கண்ணாடிபோல் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது என்பது பரவலான விளக்கம். அது பெரிதும் தவறு. புற ஊதாக் கதிரின் ஆற்றலை இத்தூள் உட்கொண்டு வெப்பமாக மாற்றிவிடுகிறது; திருப்பி அனுப்புவது சிறு பகுதியே. ஏறத்தாழ 370 நானோமீட்டர் அலைநீளம் வரை இதன் ஆற்றல் வலுவாக இருப்பதால், தோலை எரிக்கும் 'பி' வகைக் கதிரை மட்டுமன்றி, தோலின் ஆழம் வரை செல்லும் 'ஏ' வகைக் கதிரின் பெரும் பகுதியையும் தடுக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட முன்மொழிவில், வெயில் தடுப்புப் பொருள்களுள் பாதுகாப்பும் பயனும் உறுதிப்பட்டவையாக இரண்டை மட்டுமே குறித்தது: ஒன்று துத்தநாக ஆக்ஸைடு, மற்றொன்று டைட்டானியம் டை ஆக்ஸைடு.

கருந்தோலுக்கு இது தேவையா என்ற வினா எழும். தோலின் நிறமியே ஓரளவு காப்பாகும். தோல் புற்றுநோய் நம் மக்களிடையே குறைவு. ஆயினும் உழைக்கும் பெண்களை வாட்டுவது வேறொன்று: கன்னத்தில் படரும் மங்கு. புற ஊதாக் கதிருடன் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் அதைப் பெருக்குகிறது. வெண்ணிறத் துத்தநாகத் தூள் மட்டும் இங்குப் போதாது. இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறப் பூச்சே மேலானது. அது தோலின் நிறத்தோடு ஒத்துப்போகும். சாம்பல் பூசியதுபோன்ற தோற்றமும் தராது. காலமைனின் இளஞ்சிவப்பும் இரும்பு ஆக்ஸைடால் வருவதே. அதற்காகக் காலமைனையே வெயில் தடுப்பாகக் கொள்வது சரியன்று. அது அதற்காக அளவிடப்பட்ட பொருள் அல்ல.

இனி, சிக்கலான கணக்கிற்கு வருவோர் ஏமாற்றமடையக்கூடும். பூச்சின் காப்பெண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளக்கப்படுவது. முகம், கழுத்து, இரு கைகளுக்கு இவ்வளவில் ஏறத்தாழ 9 கிராம் வேண்டும். வியர்வையில் கரைவதால் இரண்டு மணிக்கு ஒரு முறை தடவ வேண்டும். நாளுக்கு மூன்று முறை என்றால் 27 கிராம். 50 கிராம் குழாய் இரண்டு நாள் முழுமையாக வராது. கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு இது எட்டாத செலவு. மெல்லிய பூச்சாகத் தடவினால் உறையில் அச்சிட்ட எண் பொருளற்றதாகிவிடும். எனவே முழுக்கைச் சட்டைக்கே முதலிடம். சட்டை மூடாத முகத்திற்கு மட்டும் பூச்சு. சட்டையிலும் கவனம் தேவை: மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்தால், அதனூடே செல்லும் கதிர் மிகுகிறது.

நிர்வாகத்தினர் நோக்கவேண்டிய மற்றொன்று உண்டு. கோடையில் வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்கக் கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. கடல் மட்டத்திற்கு 3,000 அடிக்கு மேல், வெயில் தாக்கும் வாய்ப்பில்லாத இடங்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டு வந்துள்ளது. வெப்பத்தை எண்ணினால் இது முறையே. ஆனால் வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. குளிர்ந்த காற்று அதை உணரவிடுவதில்லை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் வெளியிட்ட புற ஊதாக் குறியீட்டில், உயர்ந்த அளவு பதிவான இடங்களுள் பாலக்காட்டுத் திருத்தாலாவுடன் இடுக்கியின் மூணாறும் இருந்தது. ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள அம்மலைச் சரிவுகளில், தமிழ்ப் பெண்கள் நண்பகலிலும் கொழுந்து பறிக்கின்றனர்.