ஒளிந்து வாழ்வோரும் குடிப்பழக்கமும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மதுவின் தீமை குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். குடி குடியைக் கெடுக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அதைச் சொல்ல ஒரு தலைமையாசிரியர் வேண்டியதில்லை. ஆதலால் நாம் இதுவரை பேசக் கூசிய ஒன்றைப் பேசத் துணிகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் பயின்ற மாணவன் ஒருவன் குடிக்கிறான் என்று செய்தி வந்தது. விதிப்படி தொகையை நிறுத்தினோம். அத்தாளில் முதற்கையெழுத்து நம்முடையது. ஏன் குடித்தாய் என்று ஒரு சொல் கேட்டோமில்லை. படிப்பை விட்டு நூற்பாலை வேலைக்குச் சென்ற அவன், நெடுநாள் கழித்து நம் இல்லம் வந்தான். "ஐயா, என் நாட்டமெல்லாம் ஆண்கள்மீதுதான். விடுதியில் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் தூக்கம் வராது. அதற்காகக் குடிக்கத் தொடங்கினேன்" என்றான். அவன் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம், பெயர் கூறோம்.

இத்தகையோரைத் தன்பாலீர்ப்புடையோர் என்றும், இருபாலாரிடத்தும் நாட்டமுடையோரை இருபாலீர்ப்புடையோர் என்றும் வழங்குகின்றனர். இவர்களிடையே குடியும் பிற போதைப் பழக்கங்களும் மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் அவர்தம் இயல்பன்று. அமெரிக்காவில் ஆய்ந்த இலான் மேயர் என்பார், 1995-லும் 2003-லும் வெளியிட்ட கட்டுரைகளில் சிறுபான்மையர் மனஅழுத்தம் என்னும் கருத்தை விரித்துரைத்தார். அடியும் ஏச்சும் ஒருபுறம். எவர் எப்போது இகழ்வாரோ என்னும் ஓயாத அச்சம், தன்னை மறைக்கும் பாடு, இகழ்ச்சியைத் தானும் நம்பித் தன்னையே வெறுத்தல் ஆகியவை மறுபுறம். மது அந்த நடுக்கத்தைச் சிறிது நேரம் தணிக்கும். போதை இறங்கியதும் அது முன்னினும் மிகும்.

நமக்கு இது புதிதா? 1917-இல் பரோடாவில் பணியேற்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்தோர் அவரை வெளியேற்றினர். அவரே எழுதியுள்ள செய்தி இது. அந்தப் பத்து இரவுகளை எண்ணிப் பாருங்கள்! நம் மாணவன் ஆண்டுக்கணக்கில் அவ்வாறு வாழ்ந்தான். சாதியின் பேரால் வெளியில் அவமானப்பட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்தால் தாய்மடியில் அழலாம். தாயும் அதே அவமானம் கண்டவள். இவனோ அந்த வீட்டுக்கே அஞ்சினான்.

சட்டம் நம்மைத் தாண்டிச் சென்றுவிட்டது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை, மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாததாக்கியது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிய அறிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் மாணவர்போல் அமர்ந்து கேட்டறிந்தார். இவ்வியல்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு 2021-இல் தடை விதித்தார். கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் நம் தெருப் பெரியோர் இதைக் கேட்க வேண்டும். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் அதில் அழிகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மது, போதையால் வரும் மனநலக் கேட்டையும் தன்னுள் அடக்கி, சிகிச்சையில் சாதியின் பேராலோ பாலீர்ப்பின் பேராலோ வேற்றுமை காட்டலாகாது என்கிறது. நம் பிள்ளைகளுக்கு அவ்விரு சொற்களும் வேண்டும்.

மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். கோயிலில் கயிறு கட்டி அறையில் பூட்டிவைத்தல் ஆபத்து. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

வருகின்ற செயற்குழுவில் அந்த விதியைத் திருத்தத் தீர்மானம் கொண்டுவருகிறோம். உதவித்தொகையை நிறுத்துமுன் இருவர் மாணவனுடன் தனியே அமர்ந்து பேச வேண்டும். பேசியது அவன் இசைவின்றிப் பெற்றோருக்கும் செல்லலாகாது. எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். முன்பாயின் நாமே எதிர்த்திருப்போம்.

அம்மாணவன் இப்போது தொலைநிலைக் கல்வியில் சேரப் படிவம் வாங்கியிருக்கிறான். கட்டணத்தை நாம் தருவதாகச் சொன்னபோது, "சங்கம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், ஐயா" என்றான்.