ரோடு வருது, நம்மைக் கேட்டாங்களா?

(ஒன்றிய விவசாயிகள் சங்கப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

ரெண்டு வாரமா ஏரிக்குக் கீழண்டைக் கழனியில் கருவியை நிறுத்தி அளவெடுக்கிறார்கள். வரப்புக் கல்லில் சிவப்பு மை அடித்திருக்கிறார்கள். கேட்டால், "சும்மா சர்வேதாங்க, பயப்படாதீங்க" என்று சொல்கிறார்கள். நாலு வழியா, எட்டு வழியா, புறவழிச்சாலையா, ஒருத்தருக்கும் தெரியாது. டீக்கடையில் ஒரு கணக்கு, பால் சொசைட்டியில் ஒரு கணக்கு ஓடுது. சென்ட்டுக்கு இவ்வளவு கிடைக்குமாம் என்று புரோக்கர்கள் இப்போதே சுற்றுகிறார்கள்.

விலை பேசுவது இருக்கட்டும். அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ரோடு இந்த வழியாகத்தான் போகணுமா? போனால் நம் ஏரிக்கு வர்ற தண்ணி என்ன ஆகும், கிணறு என்ன ஆகும்? ஊராகச் சேர்ந்து இதைக் கேட்க, ரோடு விஷயத்தில் சட்டம் நமக்கு ஒரே ஒரு இடம்தான் விட்டு வைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போகிறோம்.

ஒரே ஒரு இடம் என்று ஏன் சொல்கிறோம்? 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டத்தில், நிலத்தைத் தொடும் முன்னே ஊருக்கு என்ன பாதிப்பு என்று சமூகத் தாக்க மதிப்பீடு செய்யணும் என்று இருக்கிறது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள். விதிவிலக்குப் பட்டியலில் அந்தச் சட்டத்தைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். போராடிய பிறகு 2015-லிருந்து இழப்பீடு மட்டும் புதுச் சட்டக் கணக்குப்படி வருகிறது. காசு புதுச் சட்டப்படி, கேள்வி பழைய சட்டப்படி. 3ஏ அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். அதுவும் அவரவர் சர்வே நம்பருக்கு அவரவர் கொடுப்பது. அப்புறம் 3டி வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்தாச்சு. அதன் பின் ஒப்படைக்கச் சொல்லி 60 நாள் நோட்டீஸ். ஊர் என்று ஒன்று இருப்பதாகவே அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

நம்ம இடம் இருப்பது வேறு புத்தகத்தில். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கை அது. புதுசாகப் போடுகிற தேசிய நெடுஞ்சாலைக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயார் செய்யணும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். இருக்கிற ரோட்டை அகலப்படுத்துவதற்கும் இது உண்டு. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் என்று இருந்ததை 2013-ல் 100 கிலோமீட்டருக்கு மேல் என்று மாற்றினார்கள். எடுக்கிற அகலத்துக்கும் ஓர் அளவு வைத்தார்கள். அதற்குக் கீழே என்றால் அனுமதி கிடையாது, கூட்டமும் கிடையாது. ரயில் பாதைக்கு அந்த அறிவிக்கையில் இடமே இல்லை. ஆகவே சர்வே ஆளிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. இது புது ரோடா, அகலப்படுத்துவதா, மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அகலம் எத்தனை மீட்டர்?

சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை நினைவிருக்கும். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். 2018-ல் போலீசை வைத்துக் கொண்டு கல் நட்டார்கள். தென்னந்தோப்பிலும் நெல் வயலிலும் நின்று அழுத தாய்மார்களை எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலத்தில் கை வைத்தது செல்லாது என்றது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 3ஏ அறிவிப்பு போடுவதற்கு முன் அனுமதி தேவையில்லை, வேலை ஆரம்பிக்கும் முன் வாங்கினால் போதும் என்று சொல்லிவிட்டது. அவசரப்பட்டு வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றியது தப்பு என்பதை மட்டும் ஒத்துக் கொண்டது.

தீர்ப்பைக் குறை சொல்ல நமக்குச் சட்டப் படிப்பு இல்லை. ஆனால் கழனியில் நிற்கிறவனுக்கு ஒன்று தெரியும். கல் நட்டு, கணக்கெடுத்து, ஆபீசர்கள் மனசில் வழி கெட்டிப்பட்ட பிறகு வந்து "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்பது, தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்க்கிற மாதிரி. அதனால்தான் கூட்டம் போடட்டும், அப்போது பார்த்துக் கொள்ளலாம் என்று நாம் இருக்க முடியாது. இருந்து ஒரு தடவை கெட்டோம். அதைச் சொல்லித்தான் ஆகணும்.

பன்னிரண்டு வருஷம் முன்னே பக்கத்து ஒன்றியத்தில் நடந்த கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போனோம். எந்த ரோடு, எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம், உங்களுக்கே தெரியும். பந்தல், போலீஸ், தண்ணி பாக்கெட் எல்லாம் இருந்தது. அறிக்கையை அதற்கு முன் யாரும் படிக்கவில்லை. ஒரு முறை கேட்கப் போனபோது பீரோ சாவி இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். நாமும் மறுநாள் போகவில்லை. நாற்று நடவு நேரம். கூட்டத்தில் நாற்பது பேர் பேசியிருப்போம். முப்பத்தைந்து பேர் இழப்பீட்டைத்தான் பேசினோம். கைதட்டல் பலமாக இருந்தது. கடைசியில் குறிப்பு வாசிக்கும்போது பாதிப் பேர் வேனில் ஏறிவிட்டோம். பிற்பாடு பார்த்தால், "பொதுமக்கள் கூடுதல் இழப்பீடு கோரினர்" என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பொய் என்று சொல்ல முடியுமா? நாம் அதைத்தானே பேசினோம்.

மேல் ஏரிக் கலங்கலிலிருந்து கீழ் ஏரிக்குப் போகிற வரத்துக் கால்வாயைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பயந்து இல்லை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கால்வாய், அதனால் யாருக்கும் சொல்லத் தோணவில்லை. ஆனால் அறிக்கை எழுதினவருக்குத் தெரியாது! இந்த அறிக்கைகளுக்கு ஒரு பருவத்து அளவு எடுத்தால் போதும் என்பது நடைமுறை, அதுவும் மழைக்காலம் இல்லாத பருவம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. சித்திரையில் வந்து பார்த்தவருக்கு அந்தக் கால்வாய் ஆடு மேய்கிற பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. காய்ந்த ஓடை என்று எழுதி, ஒரு குழாய்ப் பாலம் போட்டால் போதும் என்று முடித்துவிட்டார். ரோடு மண்மேடு ஆளுயரத்துக்கு எழும்பிச்சு. மறு கார்த்திகையில் மேலண்டை வயலில் ஒன்பது நாள் தண்ணி நின்று நெல் அழுகியது. கீழண்டை ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஒரே மழை, ரெண்டு ஊருக்கும் நஷ்டம். நிலம் ஒரு சென்ட்கூடப் போகாதவர்கள் அவர்கள். இழப்பீட்டுப் பட்டியலில் பெயரே கிடையாது. மனு கொடுத்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இது பற்றி ஆட்சேபணை பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் சங்க பைலில் இருக்கிறது.

ரோடே வேண்டாம் என்கிறோமா? கிடையாது. ராத்திரியில் பிரசவத்துக்குப் போகவும் ரோடு வேணும், தக்காளி லோடு விடியுமுன் மார்க்கெட் சேரவும் ரோடு வேணும். எந்த வழியாக, தண்ணிக்கு எத்தனை கண் விட்டு, என்பதுதான் நம் கேள்வி.

இந்த முறை விதியைத் தெரிந்துகொண்டு போவோம். கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அதிகாரி. மாவட்டத்துக்கு மாவட்டம், திட்டம் வருகிற இடத்திலோ அதன் பக்கத்திலோதான் வைக்கணும். குறைந்தது 30 நாள் முன்னே பத்திரிகையில் அறிவிப்பு தரணும், அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்கணும். அந்த 30 நாளும் வரைவு அறிக்கையைக் கலெக்டர் ஆபீசிலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் யார் கேட்டாலும் பார்க்கத் தரணும். சுருக்கம் தமிழிலும் இருக்கணும். வந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்கணும். முடிவில் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டி, அதே நாளில் தலைமை அதிகாரி கையெழுத்துப் போடணும். படிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்காதீங்க. நாம் சொன்னது விட்டுப் போயிருந்தால் அங்கேயே எழுந்து நின்று சேர்க்கச் சொல்லணும். பேச முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அதுவும் கணக்கில் சேரும்.

இன்னொன்று, மண். ரோடு மேட்டுக்கு மண் எங்கிருந்து வரும்? நம் ஏரியிலிருந்தும் கரட்டிலிருந்தும்தான். ரோடு போன்ற திட்டங்களுக்கு மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்று 2020-ல் கொரோனா ஊரடங்கு சமயத்தில், மக்களிடம் கேட்காமல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று அடித்தது. 2025-ல் அளவு வைத்து வேறு விதி போட்டிருக்கிறார்கள். ஆகவே எந்த ஏரியில், எத்தனை கனமீட்டர் என்று பெயர் சொல்லிக் கேட்கணும்.

இப்போது வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை காலையில் ஐந்து பேர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறோம். ரோடு வரைபடம் கேட்டு தகவல் உரிமை மனுவும் அன்றைக்கே போடுகிறோம், கட்டணம் பத்து ரூபாய்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, எந்தெந்தக் கால்வாய் புறம்போக்கு என்று குறிக்கணும். பெரியவங்க ரெண்டு பேர் கூட வந்து கலங்கல், மதகு, வரத்துக்கால் எல்லாம் நடந்து காட்டணும். பேர் சொல்லி எழுதிக்குவோம். அடுத்த கிராம சபையில் அதையே தீர்மானமாகப் போட்டு நகல் வாங்கணும். பெண்கள் கட்டாயம் வரணும். கிணத்துத் தண்ணி எந்த மாசம் எத்தனை அடி இறங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

போன ஐப்பசியில் தண்ணி எந்த வரப்பு வரைக்கும் நின்றது என்று செல்போனில் படம் வைத்திருக்கிறவர்கள், கூட்டம் முடிந்ததும் மேசைக்கிட்ட வாங்க. தேதியோடு எழுதிக்கணும்.