ஒரு விநாடிப் பழமை

மாணவ நேயர்களே, கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் நாளில் கைப்பேசியில் ஓட்ட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்போருள் நீங்களும் ஒருவராக இருக்கலாம். பாட வேளையில் அவ்வாறு செய்வதில்லை என்று நம்புகிறேன். ஆட்டம் நெடுக மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்ணை இத்தனை பேருக்கும் தடையின்றி வழங்குவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஒரு கணக்கு. ஓர் இலட்சம் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவர் கருவியும் 5 விநாடிக்கு ஒரு முறை, "இப்போது எவ்வளவு?" என்று வினவுகிறது. ஆக, விநாடிக்கு 20,000 வினாக்கள். விடையளிக்கும் கணினியைச் சர்வர் என்பர். அது ஒவ்வொரு வினாவுக்கும் தன் தரவுத்தளத்தைப் புரட்டிக் கூட்டிக் கழித்து விடை தயாரிக்கப் புகுந்தால் விரைவில் திணறி நின்றுவிடும். வேடிக்கை என்னவெனில், பந்து வீசப்படுவதோ நிமிடத்திற்கு ஒன்றோ இரண்டோதான். பல்லாயிரம் வினாக்களுக்கும் விடை ஒன்றே.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பள்ளி எழுத்தர் ஒவ்வொரு மாணவனுக்காகவும் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிரார். பட்டியலை ஒரு முறை எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவார். சர்வருக்கும் அவ்வழியே ஏற்றது. தயாரித்த விடையின் நகலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 1 விநாடி வரையில் வருவோர்க்கெல்லாம் அதனையே கொடுத்தால், தரவுத்தளம் வாய் திறக்க வேண்டியது விநாடிக்கு ஒரே முறை. 20,000 எங்கே, 1 எங்கே! இந்நகலைக் 'கேஷ்' என்பர். 2003ஆம் ஆண்டில் லைவ்ஜர்னல் என்னும் இணையத்தளத்தின் சுமையைக் குறைப்பதற்காகப் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பார் உருவாக்கிய 'மெம்கேஷ்டி', இத்தகைய நகல்களைப் பல கணினிகளின் நினைவகங்களில் பகிர்ந்து வைப்பது.

இதில் ஓர் இடர் உண்டு. நகலின் ஆயுள் முடிந்த கணத்தில் வந்து சேரும் வினாக்கள் அனைத்தும், கொடுக்க நகல் இல்லாமையால், ஒருசேரத் தரவுத்தளத்தின்மேல் பாய்ந்துவிடும். நன்கு நடந்துகொண்டிருந்த தளம் திடீரென்று சாய்வது இதனாலும் நிகழும். ஆதலின் ஒரு வினாவை மட்டும் உள்ளே விட்டு, புது விடை வரும் வரையில் ஏனையோர்க்குப் பழைய நகலையே கொடுப்பது அறிவுடைமை.

வழியில் செல்லும் சுமையையும் குறைக்கலாம். சர்வர் தன் விடையோடு ஓர் அடையாளக் குறியை அனுப்புகிறது. மறுமுறை வினவும்போது கருவி அக்குறியைக் காட்டும். விடை மாறாதிருப்பின், '304' என்னும் எண்ணால் 'மாற்றமில்லை' என்று மட்டும் மறுமொழி வரும். முழுப் பக்கமும் மீண்டும் பயணப்படுவதில்லை. 2011இல் நெறிப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் முறையிலோ கேட்கவே வேண்டுவதில்லை. மாறும்போது சர்வரே சொல்லும். ஆயின், இலட்சம் இணைப்புகளை ஓயாமல் திறந்து வைத்திருப்பதும் சுமையே. ஓட்ட எண்ணிக்கைக்கு அத்தனை ஏற்பாடு வேண்டுமா என்பது என் ஐயம்.

எவ்வளவு பழமை பொறுக்கத்தக்கது என்பதைக் கணினி தானாக அறியாது. மனிதரே வகுத்தல் வேண்டும். ஓட்ட எண்ணிக்கை ஒரு விநாடி பிந்தினால் எவர்க்கும் கேடில்லை. இரயிலில் காலியிடம் எத்தனை என்பதையும் நகலிலிருந்து காட்டலாம். ஆனால் இடத்தை ஒதுக்கும் கணத்தில் மூலப் பதிவேட்டையே கேட்க வேண்டும். இல்லையேல் ஓர் இருக்கைக்கு இருவர் வந்து நிற்பர். வெள்ளக் காலத்தில் அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கமாயின், அளவெடுத்த நேரத்தையும் எண்ணின் அருகிலேயே குறித்தல் இன்றியமையாதது. வீட்டை விட்டுக் கிளம்புவதா, இருப்பதா என்று ஆற்றங்கரையோர் அதனைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றனர்.