நெஞ்சு இறுக்கமும் இரைப்பையும்



தஞ்சைத் தரணியில் மார்பில் இறுக்கம் கண்டவர் முதலில் உரைக்கும் சொல் 'வாயு' என்பதாகும். அச்சொல் செவியில் விழுந்த மறுகணமே வீட்டில் ஓமம் கொதிக்கும். மோரில் பெருங்காயம் கரையும். கடைத்தெருவிலிருந்து சோடாப் புட்டியும் வந்து சேரும். ஓர் ஏப்பம் எழுந்ததும் நோய் நீங்கியதென்று வீட்டார் அமைதியுறுவர். பல வேளைகளில் நோய் நீங்கியும்விடுகிறது. இடர் இருப்பதும் அங்கேதான். பத்து முறை வாயுவாக இருந்தது, பதினோராம் முறையும் வாயுவே என்று நம்பச் செய்துவிடுகிறது. மருத்துவத் தொழிலில் நான் மீண்டும் மீண்டும் கேட்ட சொற்றொடர் ஒன்றுண்டு: "ராத்திரி முழுக்க வாயுன்னே நினைச்சுட்டோம் டாக்டர்." மாரடைப்புற்றவரை விடிந்த பிறகு அழைத்துவரும் உறவினர் கூறுவது இது. ஆகவே, நெஞ்சு இறுக்கத்திற்கு வயிறு எங்ஙனம் காரணமாகிறது, எப்பொழுது மருத்துவரை நாட வேண்டும் என்பவற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

வயிற்றுக் கோளாறு மார்பில் வலியாகத் தோன்றுவானேன்? உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது முதுகெலும்புக்கு முன்னும் இதயத்திற்குப் பின்னுமாக இறங்கி இரைப்பையை அடைகிறது. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எழும் வலியுணர்ச்சி முதுகுத்தண்டின் ஏறத்தாழ ஒரே பகுதிகளுக்குச் சென்று சேர்கிறது. இரண்டு வாய்க்கால்கள் ஒன்றாய்க் கூடிப் பாயும்போது, தம் வயலுக்கு வந்த நீர் எந்த வாய்க்காலினது என்று கடைமடை உழவர் அறிய இயலுமா? மூளையின் நிலையும் அத்தகையதே. வலி உண்டென்பதை அது அறியும். எந்த உறுப்பினது என்பதைத் தெளிவாக அறியாது.

இனிச் செரிமானக் காரணங்களைக் காண்போம். முதலாவது, எதுக்களிப்பு. உணவுக்குழாய் இரைப்பையோடு கூடும் இடத்தில் தசை வளையம் ஒன்று மதகின் கதவுபோல் அமைந்துள்ளது. அது தளருமாயின், இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடும். இதனையே நெஞ்செரிச்சல் என்கிறோம். இரண்டாவது, உணவுக்குழாய்த் தசையின் இசிவு. இது மார்பைக் கயிற்றால் இறுக்கினாற்போன்ற வலியைத் தரும். மூன்றாவது, இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் உண்டாகும் புண். நான்காவது, பித்தப்பைக் கல். கொழுப்பு மிக்க விருந்திற்குப் பின் மேல்வயிற்றில் தொடங்கும் இவ்வலி மார்புக்கும் வலத்தோளுக்கும் பரவும். இவற்றோடு, பெருங்குடலின் இடப்புற வளைவில் காற்றுத் தேங்குவதும் இடமார்பில் அழுத்தம் தரக்கூடும்.

குடற்புண்ணைப் பற்றி நம் நாட்டில் ஆராய்ந்த வரலாறு சுவையானது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் பல்லாண்டுகள் பணியாற்றி, முன்சிறுகுடற் புண்ணுற்றோர் மிகப் பலருக்கு அறுவை செய்தார். பின்னர் மைசூரில் பணியாற்றிய டோவி என்னும் மருத்துவர், கோதுமை உண்ணும் பஞ்சாபைவிட அரிசி உண்ணும் தென்னாட்டில் இந்நோய் மிகுதி என்பதை எடுத்துக்காட்டினார். நெல் விளையும் நாட்டினராகிய நாம் செவிசாய்க்க வேண்டிய செய்தி இது. எனினும் அரிசியே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடலாகாது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான குடற்புண்களுக்கு அதுவே காரணம் எனத் தெளிவாயிற்று. அதற்காக 2005-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். முன்னாளில் கத்தியால் தீர்த்த நோயை இன்று ஏறத்தாழ இரு வாரம் உட்கொள்ளும் மாத்திரைகளால் பெரும்பாலும் தீர்க்க முடிகிறது. உடல்வலிக்காகக் கடைகளில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்குவன. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வெறும் வயிற்றில் அவற்றை விழுங்கும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு; அது விட வேண்டிய வழக்கம்.

வயிற்று வலியையும் இதய வலியையும் பிரித்தறிய வழி உண்டா? ஓரளவு உண்டு. இரவு வயிறாரப் புளிக்குழம்பும் வடையும் உண்டு, உடனே திண்ணையில் சாய்கிறார் ஒருவர். மார்பின் நடுவே எரிச்சல் எழுகிறது. வாயில் புளிப்பு நீர் ஊறுகிறது. எழுந்து அமர்ந்தால் தணிகிறது. இது எதுக்களிப்பாக இருக்கக்கூடும். மற்றொருவர் உரமூட்டையைத் தலையில் சுமந்து வரப்பின் மேல் நடக்கிறார். மார்பில் கல்லை வைத்தாற்போன்ற பாரம் தோன்றுகிறது. மூட்டையை இறக்கி நின்றால் சில நிமிடங்களில் மறைகிறது. மறுநாளும் அதே தொலைவில் மீண்டும் வருகிறது. உழைக்கும்போது வந்து ஓய்வில் மறையும் இவ்வலியை 1768-இலேயே இலண்டன் மருத்துவர் ஹெபர்டன் தெளிவாக விவரித்தார். இதயத்திற்குப் போதிய குருதி கிட்டவில்லை என்பதன் குறி இது.

ஆனால் நண்பர்களே, இவ்வேறுபாடுகளை முற்றும் நம்பிவிடாதீர்கள். ஏப்பம் விட்டதும் வலி குறைவது வாயு என்பதற்குச் சான்றாகாது. மாரடைப்புற்றோருக்கும் ஏப்பமும் குமட்டலும் வருவதுண்டு. அமிலத்தைத் தணிக்கும் மருந்தால் வலி அடங்குவதும் சான்றாகாது. இதய வலிக்கென நாவின் அடியில் வைக்கும் மாத்திரை, உணவுக்குழாயின் இசிவையும் தளர்த்துவதால், அதுவும் சான்றாகாது. நீரிழிவுடையோர், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு வெறும் மேல்வயிற்று வலியாகவோ களைப்பாகவோ மட்டும் தோன்றக்கூடும். முதன்முறை எடுத்த இ.சி.ஜி. கூடச் சில வேளை இயல்பாகக் காணப்படும். அதனாலேயே மருத்துவர் அதனை மீண்டும் எடுப்பதும், குருதியைச் சோதிப்பதும் உண்டு. மருத்துவரே கருவியின் துணையின்றித் துணியாத ஒன்றை, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து துணிவது தகுமா?

ஆகவே இதனை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மார்பில் அழுத்தமோ இறுக்கமோ தோன்றிச் சில நிமிடங்களில் தணியாவிடின், அல்லது அதனோடு வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், வாந்தி, கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி ஆகியவற்றுள் ஒன்று சேருமாயின், சோடாவுக்காக ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. நோயுற்றவரை அமரச் செய்து 108-ஐ அழையுங்கள். அவரை நடக்கவிடாதீர்கள், தாமே வண்டி ஓட்டிச் செல்லவும் விடாதீர்கள். குருதி கிட்டாத இதயத்தசை அரைமணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்திற்குள் சேர்ந்தால் பெரும்பயன் தரும். 12 மணி நேரம் கடந்தபின் அதனால் விளையும் பயன் மிகச் சிறிது. தஞ்சாவூரில் 1959-இலும், திருவாரூரில் 2010-இலும், நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. மாரடைப்புக்குரிய முதல்வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்க, 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டமும் தொடங்கப்பெற்றது. எட்டும் தொலைவில் உதவி உண்டு. எட்டாமற் செய்வது நம் தயக்கமே.

வயிற்றுக் கோளாறும் புறக்கணிக்கத்தக்கதன்று. விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், குருதி வாந்தி, தார்போல் கறுத்த மலம் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்செரிச்சல் இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்தாலும் காட்ட வேண்டும். மற்றபடி, இரவுணவைக் குறைத்து, உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தல், கட்டிலின் தலைப்புறத்தை உயர்த்துதல், புகையிலையையும் மதுவையும் விலக்கல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியவை எதுக்களிப்பைத் தணிக்கும் எளிய வழிகள்.

பெரியவர்கள் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவதற்கு அச்சத்தைவிட நாணமே பெருங்காரணம். "வெறும் வாயுவுக்காகவா இத்தனை ஆரவாரம் என்று ஊர் நகைக்குமே" என்பர். வீட்டில் படித்த பிள்ளைகளாகிய நீங்கள் அப்பொழுது கூற வேண்டிய மறுமொழி ஒன்றுண்டு: "வாயு என்று மருத்துவர் கூறட்டும் தாத்தா, கேட்டுக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பி வருவோம்." அங்ஙனம் நூறு பேர் வீணே சென்று திரும்பினாலும் இழப்பு ஓர் இரவின் உறக்கமே. செல்லாதிருந்த ஒருவரால் அக்குடும்பம் அடையும் இழப்பு அத்தகையதன்று.