நமக்கான நாடகத்தை யார் எழுதுவது?

(கலைக்குழுத் தோழர்களின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சப்தர் ஹஷ்மியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் 1989 ஜனவரி முதல் நாளில், சாகிபாபாத்தின் ஜண்டாபூரில்தான் தொடங்குகிறோம். தாக்கி வீழ்த்தப்பட்ட கலைஞரை நாம் அறிவோம். நடிக்க வந்த அந்த இளைஞர் ஏன் எழுதவும் இயக்கவும் தொடங்கினார் என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை. இன்று அதைப் பேசலாம்.

1973இல் டெல்லியில் ஜன நாட்டிய மன்ச் உருவானபோது நடிப்பு அதிலிருந்த எவருக்கும் பிழைப்பாக இருக்கவில்லை. பெரும்பாலும் பிறர் எழுதிய நாடகங்களையே எடுத்தார்கள்; சர்வேஸ்வர் தயாள் சக்சேனாவின் 'பக்ரி' அவற்றுள் ஒன்று. மேடைக்கும் விளக்குக்குமான செலவைச் சங்கங்கள் ஏற்றன. பிறகு அவசரநிலை வந்தது. அது முடிந்து அதே சங்கங்களிடம் திரும்பியபோது நிதி இல்லை. அடக்குமுறையைத் தாங்கி மீண்ட சங்கத்திடம் மேடைக்குப் பணம் கேட்க முடியுமா? செலவில்லாத, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய சிறு நாடகம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தேடிப் பார்த்தார்கள்; தங்களுக்குப் பொருந்தும் பிரதி கிடைக்கவில்லை. ஆகவே தாங்களே எழுத வேண்டியதாயிற்று. எழுத்தாளராகும் ஆசை அல்ல, இந்த முட்டுச்சந்துதான் சப்தரை எழுத வைத்தது.

டெல்லிக்கு அருகில் ஒரு இரசாயன ஆலை. தொழிலாளர் கேட்டவை இரண்டு: சைக்கிள் நிறுத்த இடம், தேநீர் குடிக்கவும் கொண்டுவந்த உணவைச் சூடாக்கவும் ஒரு கேன்டீன். மறுக்கப்பட்டது, வேலைநிறுத்தம் நடந்தது, காவலாளிகள் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். மூத்த தோழர் ஒருவர் சொன்ன இச்செய்தியிலிருந்து 1978இல் சப்தரும் ராகேஷ் சக்சேனாவும் 'மெஷின்' எழுதினார்கள். பதின்மூன்றே நிமிட நாடகம். நடிகர்கள் தம் உடல்களையே பிணைத்து, வாயால் ஓசை எழுப்பி, இயந்திரமாக இயங்குகிறார்கள். திடீரென அது நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்ற கேள்வியிலிருந்துதான் தொழிலாளியும் முதலாளியும் காவலாளியும் வெளிப்படுகிறார்கள்.

இதைக் கூர்ந்து பாருங்கள். மேசைமுன் மட்டும் அமர்ந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிராது. காட்சிப்பொருள் ஏதுமின்றித் திறந்தவெளியில் நின்று பார்த்தவருக்கே, நடிகரின் உடலே ஆலையாகும் என்பது தெரியும். அங்கே எழுத்தும் இயக்கமும் ஒரே வேலையின் இரு பகுதிகள். அவ்வாண்டு நவம்பரில் டெல்லித் தொழிற்சங்க மாநாட்டில் ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள் முன் அது நிகழ்ந்தது. பலர் ஒலிநாடாவில் பதிவுசெய்து தத்தம் ஊருக்குக் கொண்டுசென்று தம் மொழியில் நடித்தார்கள்.

1979இல் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததும் உடனடியாக ஒரு நாடகம். அதே ஆண்டில் 'ஔரத்'. வேகத்துக்கு விலையும் உண்டு. அவசரத்தில் எழுதும்போது முதலாளி வெறும் தொப்பையாகவும், தொழிலாளி வெறும் முழக்கமாகவும் சுருங்கிவிடுவார்கள். நம் குழுக்களின் பல நாடகங்களில் நான் காணும் குறையும் இதுவே. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். சப்தர் தெருவோடு நின்றுவிடவில்லை. 1988இல் ஹபீப் தன்வீருடன் சேர்ந்து, பிரேம்சந்த் கதையிலிருந்து 'மோடேராம் கா சத்யாகிரஹ்' என்ற மேடை நாடகத்தை உருவாக்கினார். தெருவா, மேடையா என்ற வழக்கு நம்மிடம்தான் இன்னும் முடியவில்லை.

நம் குழுக்கள் பலவும் எங்கிருந்தோ பிரதி வரட்டும் என்று காத்திருக்கின்றன. வந்ததை மனப்பாடம் செய்கின்றன. உங்கள் பகுதியில் கழிப்பறைக்காக, ஓய்வறைக்காக, கூலிச் சீட்டுக்காக நடக்கும் போராட்டம் அதில் எப்படி இருக்கும்? ஒவ்வொரு குழுவும் அப்படியொரு கோரிக்கையை, யார் கேட்டார், யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வசனம் இப்போது வேண்டாம். பிற்பகல் அமர்வில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எழுந்து நின்று நடிக்கத் தொடங்குவோம்.