நீண்டுவிட்ட பெயர்



திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். சென்ற மாதம் அவ்வூரிலுள்ள என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கல்லூரியிற் பயிலும் அவர் மகன் கணிப்பொறியின் முன் வாட்டத்துடன் அமர்ந்திருந்தான். அவனுடைய தாத்தா, 1956-இல் மறைந்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தைச் சிறுவயதில் நேரிற் கேட்டவர். அவருக்காக, பதிப்புரிமைக் காலமாகிய 60 ஆண்டைக் கடந்துவிட்ட பழைய இசைத்தட்டுப் பதிவுகளை, ஒரு பதிவிறக்க நிரலின் துணையால் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். சில வந்தன, பல வரவில்லை.

“நிரல் கெட்டுவிட்டது, மாமா. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். நண்பன் வீட்டு விண்டோஸ் பொறியில் இவையே ஒழுங்காக வருகின்றன” என்றான்.

“பிழைச் செய்தி என்ன சொல்கிறது?”

“கோப்பின் பெயர் மிக நீளம் என்கிறது, பிழை எண் 36. பொய்! எல்லை 255. இந்தப் பெயரில் ஐம்பத்தைந்து எழுத்துத்தான் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன்.”

செய்தியைப் படித்திருக்கிறான், எண்ணியும் பார்த்திருக்கிறான். ஆயினும் நம்பவில்லை. அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாம் எண்ணுவது எழுத்தை. அவனுடைய லினக்ஸ் பொறி எண்ணுவதோ பைட்டு என்னும் அளவை.

கீழ்பென்னாத்தூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடு முறையில் ககரம் ஒரு குறி, அதன்மேல் வரும் ஈகாரச் சுழி மற்றொரு குறி. புள்ளியும் தனிக் குறியே. ஆகவே அது 16 குறியாகிறது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, ஆக 48! ஆங்கிலத்தில் இதே ஊர்ப்பெயருக்குப் பன்னிரண்டு போதும். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அம்முறையை வகுத்தபோது, பழைய ஆங்கிலக் கோப்புகள் மாறாதிருக்க வேண்டுமென்று அவற்றுக்கு ஒற்றைப் பைட்டையே விட்டுவைத்தார்கள். விண்டோஸோ கோப்பின் பெயரில் பைட்டை எண்ணுவதில்லை. அங்கு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்றாகவே கணக்காகும். நண்பன் வீட்டில் பாட்டு வந்த மாயம் இதுதான்.

“அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திற் பெயரிட்டுவிடுகிறேன்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் எதைக் கண்டு பாட்டைத் தேர்ந்தெடுப்பார்?

நிரலின் அமைப்பில், பெயரை இத்தனை குறியோடு வெட்டிவிடுக என்று சொல்ல இடமிருந்தது. 200 என்றிருந்ததை 70 ஆக்கினோம். அப்போது பெயருக்கு 210 பைட்டுக்கு மேல் ஆகாது. இறக்கும்போது நிரல் தற்காலிகமாகச் சேர்க்கும் வாலுக்கும் இடம் மிஞ்சும். முழுத் தலைப்பும் கோப்பின் உட்குறிப்பில் பத்திரமாக இருக்கும். நின்றுபோனவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

மாலையில் முதியவர் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு பட்டியலைப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, “இது என்னடா தம்பி, ‘தோட’?” என்றார். எழுபதாவது குறியோடு வெட்டியதில் தோடியின் இகரச் சுழி போய்விட்டிருந்தது. பையன் சிரித்துக்கொண்டே அதைத் தட்டெழுதிச் சேர்த்தான். பாட்டு ஒலிக்கத் தொடங்கியது.