பிடியரிசிப் பானை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் அடுப்படியைப் பற்றியது. இடர் வந்த நாளில் உண்பதற்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது?

இக்கேள்வியைக் காலம் நம்மிடம் பலமுறை கேட்டிருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசி குறைந்தது. மாவின் விலை ஏறியது. கிராமத்தார் பலருக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்த நம்மவர்க்கோ எல்லாம் கடைச்சாமான். தோட்டங்களில் பட்டினியாலும் நோயாலும் மாண்டோர் பலர். 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 90 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அன்று பள்ளி மாணவராயிருந்த நாங்கள், வீட்டில் ரொட்டி பாதியானதை மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலை சரிந்து பாதைகள் அடைபட்டன. கையில் காசிருந்தாலும் கடைக்குச் செல்ல வழியில்லை.

“நாட்கூலிக்காரன் எங்ஙனம் சேமிப்பான்?” என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூட்டையாக வாங்க நம்மால் ஆகாது. ஆனால் நம் பாட்டிமார் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைத்தார்கள். காஞ்சிப் பெரியவர் அப்பிடியரிசியையே ஏழைக்கு அன்னமிடும் அறமாக்கினார். மிஷன் பள்ளியில் நாங்கள் கற்ற யோசேப்பின் கதையும் இதுவே: செழித்த ஏழாண்டு விளைவில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கியதால் எகிப்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடந்தது. பிடி ஒன்றை 50 கிராம் என்று கொண்டால், ஓராண்டில் 18 கிலோ. நால்வர் உள்ள வீட்டுக்குச் சிக்கனமாக இரண்டு வாரம் தாங்கும்.

சேர்த்தால் போதாது, காக்கவும் வேண்டும். நம் மலையில் ஈரமே முதற்பகை, எலி அடுத்தது. அரிசியை வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, இறுக மூடும் தகர டின்னில் இட்டுப் பலகைமேல் வையுங்கள். கோதுமை மா விரைவில் கெடும். தவிடு நீங்காத அரிசியும் எண்ணெய்ப் பசையால் சிக்கடிக்கும். தீட்டிய அரிசி, பருப்பு, உப்பு, சீனி ஆகியவை நெடுநாள் நிற்கும். மூன்று மாதத்துக்கொருமுறை பழையதைச் சமைத்துப் புதியதை நிரப்புங்கள். லயத்தோரம் சிறிது மண் உள்ளவர்கள் மரவள்ளி நடுங்கள். பிடுங்கினால் சில நாளில் கெடும் கிழங்கு, மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இது பதுக்கல் அன்று. தட்டுப்பாடு வந்தபின் ஓடிச்சென்று வாங்கிக் குவிப்பவன் அயலான் வாயில் மண்ணைப் போடுகிறான். நல்ல நாளில் தன் உலையிலிருந்தே ஒரு பிடி குறைப்பவன் எவருக்கும் தீங்கு செய்யவில்லை.

ஒன்றை மறைக்காது சொல்வோம். பிடியரிசி நியாயமான கூலிக்கும் சொந்தக் காணிக்கும் ஈடாகாது. அவற்றைக் கேட்பதை நாம் விட்டுவிடவும் கூடாது. பசித்தவன் குரல் நெடுநாள் ஒலிப்பதில்லை. நம் குரல் ஓயாதிருக்கவாவது அடுப்பு எரிய வேண்டும்.

வரும் தை முதல் நாளில் மன்றத்து அங்கத்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பானை வைப்போம். அதில் நம் பிடி விழட்டும். இல்லாத அயல்வீட்டுக்கும் அதிலிருந்து ஒரு பிடி போகட்டும்.